இறந்தோர் குரலும் விற்பனைச் சரக்கோ?

மாந்தர்க்கு நேரும் துயரங்களுள் மீளாப் பிரிவாகிய இறப்பே பெரிது. இறந்தவர் சென்றுவிடுகிறார், அவரிடம் கேட்க நினைத்த கேள்வியும் சொல்ல மறந்த சொல்லும் இருப்போர் நெஞ்சில் தங்கிவிடுகின்றன. இந்த ஏக்கம் மனித இனத்திற்கே பொதுவானது. நம் முன்னோர் நடுகல் நட்டதும், நம் தாய்மார் ஒப்பாரி பாடியதும் இதன் வெளிப்பாடுகளே. போற்றத்தக்க இந்த ஏக்கத்தை மூலதனமாக்கி, இறந்தவரின் பெயரால் பேசிப் பொருளீட்டும் ஒரு வணிகம் தொலைக்காட்சி வழியே இல்லந்தோறும் நுழைந்துள்ளது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்காவில் ஜான் எட்வர்டு என்பவர் 2000-ஆம் ஆண்டையொட்டியும், தெரசா கப்யூட்டோ 2011 முதலும், டைலர் ஹென்றி 2016 முதலும், இறந்தோருடன் பேசுவதாகச் சொல்லித் தொலைக்காட்சியில் பெரும்புகழ் ஈட்டினர். இங்கிலாந்தில் பேய் தேடும் நிகழ்ச்சியொன்றைப் பற்றி முறையீடு எழுந்தபோது, ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அமைப்பு 2005-இல் அதனை ஆய்வு நிகழ்ச்சியாகக் கொள்ளாமல், பொழுதுபோக்கு என்றே வகைப்படுத்தியது. நம் தமிழிலோ, 'நம்பினால் நம்புங்கள்' என்னும் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி ஜீ தமிழ்த் தொலைக்காட்சியில் வந்தது. அத்தலைப்பு இத்தகைய நிகழ்ச்சிகள் அனைத்திற்கும் பொருந்தும். காட்டுவது எங்கள் வேலை. நம்பிக் கெட்டால் அது உங்கள் பொறுப்பு என்பதே இதன் உட்பொருள்!

ஆவியுடன் பேசுவோர் கையாளும் முறை மிக எளியது. "மா என்ற எழுத்தில் தொடங்கும் பெயர் தெரிகிறது, நெஞ்சுப் பகுதியில் ஏதோ வலி" என்று பொதுப்பட ஒரு சொல்லை அரங்கில் வீசுவர். நூறு பேர் கூடிய அவையில் மாரியம்மாளோ மாணிக்கமோ மாலிக்கோ யாரேனும் ஒருவருக்கு உறவாக இருந்தே தீருவர். இறுதியில் நெஞ்சு நின்றே உயிர் பிரிவதால் நெஞ்சுவலியும் பொய்க்காது. துயருற்றவரின் முகமாற்றமே அடுத்த சொல்லுக்கு வழிகாட்டும். பொருந்தியதை அவர் நினைவில் வைப்பார், பொருந்தாததை மறப்பார். எஞ்சிய தவறுகளைப் படத்தொகுப்பாளரின் கத்தரி நீக்கிவிடும். முன்கூட்டியே செய்தி திரட்டுவோரும் உளர். இன்று ஒருவரது குடும்ப வரலாற்றைச் சமூக ஊடகத்தில் அறிவதற்கு ஆவியின் துணை வேண்டியதில்லை.

இது நம் நீலமலைக்கும் புதியதன்று. ஆவியுலகத் தொடர்பு என்னும் இயக்கம் 1848-இல் நியூயார்க் மாநிலத்துச் சிற்றூரொன்றில் ஃபாக்ஸ் உடன்பிறந்தாரிடமிருந்து எழுந்தது. அவர்களுள் மார்கரெட் என்பார், ஆவி தட்டிய ஓசை தம் கால்விரல் மூட்டின் ஓசையே என்று 1888-இல் மக்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே அதை மறுக்கவும் செய்தார். அந்த அலையில் புகழ்பெற்ற பிளாவட்ஸ்கி அம்மையார், 1883-ஆம் ஆண்டுக் கோடையில் உதகமண்டலத்தில் படைத்தலைவர் மார்கன் இல்லத்தில் விருந்தினராகத் தங்கினார். அவர் சொன்னது இறந்தோரின் செய்தியன்று. தொலைவில் வாழும் மகாத்மாக்களின் செய்தி. ஆயினும் காட்சி ஒன்றே.

அவர் உதகையில் இருந்தபோதே, மார்கன் சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபைக்குச் சென்றார். அங்கிருந்த புனிதப் பேழையைத் திறந்தபோது பீங்கான் தட்டொன்று விழுந்து உடைந்தது. துண்டுகளைப் பேழைக்குள் வைத்து மூடித் திறந்தபோது முழுத் தட்டு இருந்தது. மார்கன் வியந்தார். 1884 செப்டம்பரில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழ், அங்குப் பணிபுரிந்த கூலோம் அம்மையார் தந்த கடிதங்களை வெளியிட்டு, இவையெல்லாம் முன்னேற்பாடுகள் என்றது. லண்டனிலிருந்து வந்து ஆராய்ந்த ரிச்சர்டு ஹாட்ஜ்சன், அத்தகைய தட்டுகள் சென்னைக் கடையில் இணையாக வாங்கப்பட்டதற்குச் சான்று காட்டி, 1885-இல் அம்மையாருக்கு எதிராகத் தீர்ப்புரைத்தார். கடிதங்கள் போலியானவை என்று அம்மையார் மறுத்தார். ஹாட்ஜ்சனின் ஆய்வுமுறை குறையுடையது என்று 1986-இல் ஓர் ஆய்வாளர் எழுதியதையும் நடுநிலையாளர் மறத்தலாகாது. எனினும் மாணவர் இதில் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. படைநடத்திய தலைவர் கேளாத கேள்வியை ஒரு கல்லூரி இதழ் கேட்டது!

"போகட்டுமே! பொய்யாயினும் அழுதவர்க்கு ஆறுதல் கிட்டுகிறதே, அதனால் யாருக்கு என்ன கேடு?" என்று வினவுவார் உளர். அவர்கட்கு ஒரு நிகழ்ச்சியைச் சுட்டுவேன். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 2003-இல் ஓர் இளம்பெண் காணாமற்போனாள். சில்வியா பிரவுன் என்ற புகழ்பெற்ற ஆவிப்பேச்சாளர், 2004-இல் தொலைக்காட்சி அரங்கில் அவள் தாயின் முகத்துக்கு நேரே, உன் மகள் உயிரோடில்லை என்றார். அத்தாய் 2006-இல் இறந்தார். 2013 மே மாதத்தில், பத்தாண்டுச் சிறையிலிருந்து அம்மகள் உயிரோடு மீண்டாள். வரவேற்கத் தாய் இல்லை. பொழுதுபோக்கு என்னும் சொல்லால் இக்கேட்டை ஈடுசெய்ய இயலுமா?

இக்கேள்வி நம் மலைக்கு ஏன் பெரிது என்பதைச் சிந்திக்க வேண்டும். 1964-ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கையிலிருந்து வந்தவர்கள் குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்கின்றனர். உறவு பிரிந்து கடல் கடந்த குடும்பங்கள் அவை. இலங்கைப் போரில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார், 2017 முதல் அங்கு வீதியோரம் அமர்ந்து கேட்பதும் இதே கேள்வியைத்தான்: என் பிள்ளை இருக்கிறானா, இல்லையா? 2009 நவம்பர் மழையில் நீலகிரியின் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உறங்கியவர்மீது மண் சரிந்த வீடுகளில் இறுதிச் சொல் சொல்ல யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. இத்தகைய இல்லத்தில், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து திரைமுன் அமரும் தாயொருத்தி, இறந்தவர் பேசுவதாகக் காட்டப்படும் காட்சியை வெறும் பொழுதுபோக்காகவா காண்பாள்? தன் மகனும் பேசுவானோ என்றன்றோ ஏங்குவாள்! அவள் ஏக்கத்திற்கு விலை குறிக்கும் போலியர் அடுத்த தெருவிலேயே காத்திருப்பர்.

நம் மண்ணின் மரபுகள் துயரை வேறு வகையில் ஏற்றன. ஒப்பாரி இறந்தவரை நோக்கிப் பேசுகிறது, இறந்தவராகிப் பேசுவதில்லை. படகர் சமுதாய இறுதிச் சடங்கில் மூத்தார் ஒருவர், மாண்டவர் செய்திருக்கக்கூடிய பிழைகளை அடுக்கிச் சொல்ல, சூழ்ந்திருப்போர் அவை நீங்குக என வேண்டும் வழக்கம் உண்டு. இசுலாமியர் ஜனாஸாவில் தோளோடு தோள் நின்று இறந்தவர்க்காக இறைஞ்சுவர். துக்க வீட்டிற்கு அண்டை வீட்டார் உணவு அனுப்புவர். மறைவானவற்றின் அறிவு இறைவனுக்கே உரியது என்பதும், இறந்தோர்க்கும் இருப்போர்க்கும் இடையே 'பர்ஸக்' என்னும் திரை உண்டு என்பதும் இசுலாத்தின் கோட்பாடு. அத்திரையை விலக்கிக் காட்டுவதாகக் கூறுவோரை அது ஏற்பதில்லை. சிற்றூர்களில் சாமியாடிகளும் குறிசொல்வோரும் இல்லையா எனலாம். உளர். ஆனால் அவர் ஊராரோடு வாழ்பவர். சொன்னது பொய்த்தால் மறுநாள் அதே தெருவில் முகம் காட்ட வேண்டியவர். திரையில் தோன்றுபவர்க்கோ அந்தப் பொறுப்பும் இல்லை. அழுதவளின் பெயரும் நினைவில் இராது.

மறுமை உண்டா, உயிர் எங்குச் செல்கிறது என்பன அவரவர் சமயமும் நெஞ்சும் விடை காணும் வினாக்கள். அவற்றை இங்கு வழக்காடவில்லை. இறந்தவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் இட்டு விற்கும் உரிமை எவர்க்கும் இல்லை என்பதே நம் வாதம். உயிரோடிருப்பவர் மறுத்துரைக்கலாம், இறந்தவர்க்கு அந்த வாய்ப்பும் இல்லை அல்லவா?

மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் நிகழ்ச்சிகளைக் கேபிள் வழி ஒளிபரப்பலாகாது என 1994-ஆம் ஆண்டு விதிகளின் ஆறாம் விதி கூறுகிறது. ஆயினும் விதி ஏட்டில் இருப்பின் போதாது. முறையீடு செய்ய மனிதர் வேண்டும். அதனினும் மேலான பணியொன்று தமிழ் பயிலும் மாணவர்க்கு உண்டு. தோட்டக் குடியிருப்புகளின் முதிய தாய்மாரிடம் இன்றும் எத்தனையோ ஒப்பாரிகள் உள்ளன. கண்டியை நினைந்தும் கரை கடந்த உறவை நினைந்தும் எழுந்த அவற்றை, அவர்தம் இசைவுடன் கேட்டு எழுதித் தொகுப்பீர்களாக! துயருற்றவள் தேடுவது ஆவியின் விடையை அன்று. தன் சொல்லைச் செவிமடுக்கும் ஒரு மனிதரையே. அச்செவியாக நம் கல்லூரி மாணவர் விளங்குவாராயின், இறந்தோரின் பெயரால் நடக்கும் வணிகம் தானே மதிப்பிழக்கும்.