தென்துருவப் பூட்டு உடையலாகாது

தென்துருவப் பனிக்கும் இங்கே பால் மரம் வெட்டும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. அந்தப் பனிப்பாறை உருகினால் நம் கரையில் கடல் உயரும்.

1959-ல் 12 நாடுகள் ஒப்பந்தம் செய்து அக்கண்டத்தைச் சமாதானத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஒதுக்கின. ஆயினும் சுரங்க ஆசை விடவில்லை. 1988-ல் அதற்கு வழிவிடும் உடன்படிக்கையும் தயாராயிற்று. 1989-ல் ஆஸ்திரேலியாவும் பிரான்சும் மறுத்ததால் அது செயலுக்கு வரவில்லை. 1991-ல் மாட்ரிட் நகரில் கையெழுத்தான ஏற்பாடு, ஆராய்ச்சி தவிர எத்தகைய தாது, எண்ணெய் வேலையும் கூடாதெனத் தடுத்தது.

வடதுருவத்தில் அப்படியொரு பூட்டு இல்லை. 1996-ல் அமைந்த ஆர்க்டிக் மன்றம் கூடிப் பேசலாம். தோண்டாதே என்று தடுக்க முடியாது. ரஷ்யாவும் நார்வேயும் அங்கே எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கின்றன. அதை எரிப்பதால் பனி உருகுகிறது. பனி உருகுவதால் தோண்டுவது மேலும் சுலபமாகிறது!

மண்ணுக்கடியில் உள்ளதையெல்லாம் எடுத்தே தீரவேண்டும் என்பது விதியல்ல. தென்துருவமே அதற்குச் சாட்சி. ஆனால் 2048 முதல், வாக்குரிமையுள்ள எந்த நாடும் அத்தடையை மறுபரிசீலனை செய்யக் கோரலாம். 1982-ல் ஐ.நா. சபையில் இப்பிரச்னையை எழுப்பிய மலேசியா, 2011-ல் ஒப்பந்தத்தில் சேர்ந்தும் வாக்கின்றி நிற்கிறது. அங்கே ஆராய்ச்சியை வளர்த்து அவ்வுரிமையை நம் அரசாங்கம் பெறவேண்டும்.

லாபம் அவர்களுக்கு, வெள்ளம் நமக்கு என்ற கணக்கை நாம் ஒருக்காலும் ஒப்பமாட்டோம்.