ஆட்டுச் சந்தையும் அலைடு பேப்பரும்

வியாழக்கிழமை விடியும் முன்பே திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூர் ஆட்டுச் சந்தை களைகட்டிவிடும். கிடாவின் முதுகை அழுத்திப் பார்த்து, எடையைக் கண்ணாலேயே மதிப்பிட்டு, வியாபாரி முதலில் ஒரு விலை சொல்வார். வாங்க வந்தவர் அதைக் கேட்டுச் சிரிப்பார். ஆனாலும் பேரம் அந்த விலையைச் சுற்றியே நடக்கும்.

முதலில் காதில் விழும் எண் மனதை எப்படிக் கட்டிப்போடுகிறது என்பதை ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானெமனும் 1974-ல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார்கள். சோதனைக்கு வந்தவர்கள் முன்னால் ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10-ல் நின்றதைப் பார்த்தவர்களின் இடைநிலை மதிப்பீடு 25. 65-ல் நின்றதைப் பார்த்தவர்களுக்கு அது 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது! உளவியலாளரான கானெமனுக்கு 2002-ல் கிடைத்தது பொருளாதார நோபல் பரிசு.

பொருளாதாரம் படிக்கிற பிள்ளைக்கு உளவியல் எதற்கு என்ற கேள்விக்கு இதுவே பதில். வரலாறு, வணிகவியல், தமிழ் படிப்பவர்களுக்கும் இது பொருந்தும். கலைக் கல்லூரிகளில் எந்த மேஜர் எடுத்தாலும் உளவியலில் இரண்டு அலைடு பேப்பராவது படிக்க வழி இருக்க வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1943-லேயே வந்துவிட்டது. எண்பது ஆண்டுகள் கடந்தும், மகள் சைக்காலஜி என்று வாயெடுத்தால் "பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கப் போறியா?" என்று கேட்கும் வீடுகள் இருக்கின்றன. இதற்கு நேர்எதிர்த் தவறும் உண்டு: பி.ஏ. முடித்த கையோடு மனநல ஆலோசகர் என்று பலகை மாட்டுவது. மருத்துவ உளவியலராகச் சிகிச்சை அளிக்க, மேலும் பல ஆண்டுகள் படித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற வேண்டும். இளங்கலைப் படிப்பு தருவது சிகிச்சை உரிமத்தை அல்ல. மனிதரைக் கவனிக்கும் பயிற்சியை.

அந்தப் பயிற்சிக்குத் திண்டுக்கல் சமவெளியில் களத்துக்குப் பஞ்சமில்லை. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் இரவு ஷிப்டு பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பும் இளம்பெண்ணின் தூக்கம், தக்காளி விலை சரிந்த அன்று ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் நிற்கும் விவசாயியின் முடிவுகள், பிளஸ் டூ மார்க்கை நினைத்து நடுங்கும் மாணவன் என எல்லாமே உளவியல் பாடம்தான். படிப்பு கிராமத்தோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்று காந்தியவாதிகளான சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கியதும் இதே மாவட்டத்தில்தான்.

2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு மனநலப் பாதிப்பு இருந்தது. அத்தனை பேருக்கும் ஈடுகொடுக்க மருத்துவர்கள் மட்டும் போதாது. எதிரில் இருப்பவரின் தவிப்பை அடையாளம் கண்டு, 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணையாவது சொல்லத் தெரிந்த ஆசிரியரும் வங்கி ஊழியரும் கிராம நிர்வாக அலுவலரும் வேண்டும். அவர்கள் பெரும்பாலும் கலைக் கல்லூரிகளிலிருந்துதான் வருகிறார்கள்.

எனவே, அடுத்த முறை பாடத்திட்டக் குழுக்கள் கூடும்போது இந்த இரண்டு தாள்களுக்கு இடம் ஒதுக்கட்டும். வரையறைகளை மனப்பாடம் செய்ய வைக்காமல் செய்முறைப் பயிற்சியோடும், நல்ல தமிழ்ப் பாடநூல்களோடும் நடத்தட்டும்.