ஜவ்வு மிட்டாயும் ஜெட் இன்ஜினும்!

ஸெனர் டயோடு ஞாபகம் இருக்கா? லேப்ல ரிவர்ஸ்ல கனெக்ட் பண்ணி, கிராஃப் போட்டு, வைவாவுல முழிச்சோமே... அந்த டயோடுக்குப் பேர் தந்த அதே க்ளாரன்ஸ் ஸெனர், மெக்கானிக்கல் பசங்களையும் விட்டு வைக்கலை! 1944-ல் ஹாலமனோடு சேர்ந்து அவர் எழுதின பேப்பர்தான், சூடான உலோகத்தை நசுக்கி ஆராய்கிறவங்களுக்கு அரிச்சுவடி.

விஷயம் சிம்பிள். திருவிழாவில் வாங்கின ஜவ்வு மிட்டாயை மெதுவா இழுங்க... நூலா நீளும். வெடுக்குனு இழுங்க... முரண்டு பிடிக்கும். கொஞ்சம் சூடு காட்டுங்க... மறுபடி இளகும். சூடான உலோகமும் அப்படித்தான்! வேகம், வெப்பநிலை ரெண்டையும் ஒரே எண்ணுக்குள்ள அடக்கினா, அதுதான் 'இஸட்' என்கிற ஸெனர்-ஹாலமன் பாராமீட்டர். 1966-ல் செல்லர்ஸும் டெகார்ட்டும் இதில் ஹைபர்பாலிக் சைனைக் கொண்டு வந்து சேர்த்தாங்க. உலோகம் எவ்வளவு எதிர்த்து நிற்கும்னு கணக்குப் போட ஒரு ஃபார்முலா ரெடி!

என் மினி ப்ராஜெக்டும் இதுதான். மெட்டல், இன்கோனல் 718. பாதிக்கு மேல் நிக்கல். ஜெட் இன்ஜினின் டர்பைன் டிஸ்க் இதில் செய்றாங்க. வெளிவந்த டெஸ்ட் டேட்டாவை எடுத்து ஃபார்முலாவில் போட்டேன். கர்வ் அச்சு அசலா பொருந்திச்சு. காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு கைடுகிட்ட போனேன்.

ஒரே கேள்விதான் கேட்டார். "நசுக்கும்போது மெட்டலோட டெம்பரேச்சர் எவ்வளவு?"

"950 டிகிரி சார்."

"அது நீ செட் பண்ணினது. மெட்டல்ல எவ்வளவு?"

பேச்சே வரலை!

நீங்களும் கணக்குப் போட்டுப் பாருங்க. குட்டி சிலிண்டரைப் பாதி உயரத்துக்கு நசுக்கணும். ஸ்ட்ரெயின் ரேட் நொடிக்கு 0.001 என்றால், 11 நிமிஷத்துக்கு மேல ஆகும். நொடிக்கு 10 என்றால் வெறும் 0.07 செகண்ட்! நசுக்குற வேலையில் பெரும்பகுதி சூடா மாறும். அந்தச் சூடு வெளியேற நேரமே இல்லை. எதிர்ப்பு 400 மெகாபாஸ்கல்னு வெச்சுக்கிட்டா, மெட்டல் தன்னாலேயே சுமார் 50 டிகிரி ஏறிடும். 1000-ல் இருக்கிற மெட்டலை 950-ன்னு நம்பி, 'அட, எவ்வளவு ஈஸியா நசுங்குது'ன்னு என் மாடல் தப்பா எழுதிக்கிச்சு!

மார்க் போனா பரவாயில்லை பாஸ். நிஜ ஃபோர்ஜிங்கில் 50 டிகிரி தப்பினா உள்ளே கிரெயின் சைஸே மாறும். டிஸ்க்கோட ஆயுசு அதுல இருக்கு. ஓடுற இன்ஜின்ல ஒரு பிளேடு உடைஞ்சா கேசிங் தாங்கும். டிஸ்க் உடைஞ்சா தாங்காது.

இப்போ வேகமான டெஸ்ட் எல்லாத்துக்கும் டெம்பரேச்சரைத் திருத்திட்டுதான் ஃபிட் பண்றேன். ஒரு செட் டேட்டாவை மாடல் கண்ணுல காட்டாம ஒளிச்சு வெச்சு, 'எங்கே, இதைச் சொல்லு பார்ப்போம்'னு டெஸ்ட்டும் வைக்கிறேன். பொருத்தம் முன்னைவிடக் கொஞ்சம் கம்மிதான். ஆனா, இந்த முறை கைடு ரூமுக்குத் தைரியமா போவேன்!

உங்க ரெக்கார்டு நோட்டிலும் ஒரு 'சூப்பர் ஃபிட்' கிராஃப் இருக்குமே... எடுத்து ஒரு கேள்வி கேளுங்களேன்!