நியான், ஆக்ஸிஜன் மோதல்: அணுக்கருவுக்குள்ளும் ஆறு ஓடுமா? கல்லணைக் கணக்கோடு ஒரு விளக்கம்

2025 ஜூன் 12-ல் மேட்டூர் அணை குறுவைச் சாகுபடிக்காகத் திறக்கப்பட்டது. அன்றிலிருந்தே டெல்டாவில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: ‘கடைமடைக்குத் தண்ணி எப்போ வரும்?’ அடுத்த மாதம், ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில், 27 கி.மீ. சுற்றளவுள்ள லார்ஜ் ஹாட்ரான் கொலைடரில் ஆக்ஸிஜன் அணுக்கருக்களை ஆக்ஸிஜனோடும், நியானை நியானோடும் மோதவிட்டார்கள். இவை இரண்டுமே அங்கே முதல்முறை. அங்கிருந்தவர்கள் கேட்டதும் கிட்டத்தட்ட டெல்டா கேள்விதான். தலைப்பில் என்ன திறந்தோம், கடைசியில் என்ன வந்து சேர்ந்தது, நடுவில் ஓடியது எப்படிப்பட்ட திரவம்?

திரவமா, அணுக்கருவுக்குள்ளா என்று கேட்டால், ஆமாம். புரோட்டான், நியூட்ரானுக்குள் குவார்க்குகளும் அவற்றை ஒட்டிவைக்கும் குளுவான்களும் அடைபட்டுக் கிடக்கின்றன. அணுக்கருக்களை ஒளிவேகத்துக்கு நெருக்கமாக ஓடவிட்டு மோதினால், வெப்பம் தாங்காமல் அந்தச் சிறை உடைகிறது. உடையும் வெப்பநிலை சுமார் 1.8 லட்சம் கோடி டிகிரி. சூரியனின் மையத்தைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் மேல். சூப்பர் கம்ப்யூட்டர்களில் இந்த எண்ணைத் துல்லியமாகக் கணக்கிட்டு 2019-ல் வெளியிட்ட சர்வதேசக் குழுவில், இப்போது சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் சயந்தன் சர்மாவும் ஒருவர். அப்படி விடுபட்ட குழம்புக்குப் பெயர் குவார்க்-குளுவான் பிளாஸ்மா. பெருவெடிப்புக்குப் பிந்தைய முதல் சில மைக்ரோ நொடிகளில் பிரபஞ்சம் முழுக்க இதுதான் இருந்தது.

ஆய்வகத்தில் அது நிலைப்பது எவ்வளவு நேரம்? ஒரு நொடியைக் கோடி கோடி கோடிப் பங்காக்கி, அதில் நூறில் மூன்று பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். எந்தக் கேமராவும் பிடிக்க முடியாது. விரிந்து குளிர்ந்து சிதறிய துகள்கள் மட்டுமே கருவியில் வந்து விழும். அதாவது, விஞ்ஞானிகள் ஆற்றைப் பார்ப்பதே இல்லை. கடைமடையில் வந்த தண்ணீரை மட்டும் பார்த்து, ஆறு எப்படி இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள்.

நெல்மணியில் தொடங்கிய ஓட்டம்

இரண்டு உருண்டைகள் நேருக்கு நேர் மோதாமல் சற்று விலகி மோதினால், ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி நெல்மணி வடிவத்தில் இருக்கும். உள்ளே இருப்பது வாயு என்றால், துகள்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறும். திரவம் என்றால் கதை வேறு. நெல்மணியின் குறுகலான பக்கத்தில் அழுத்தம் சட்டென்று குறைகிறது. அந்தப் பக்கம் தள்ளுதல் அதிகம். ஆகவே அந்தத் திசையில் அதிகத் துகள்கள் பாயும். இதற்கு ‘நீள்வட்டப் பாய்வு’ என்று பெயர். இதைத் தேடிப் பார்க்கலாம் என்று 1992-லேயே யோசனை சொன்னவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ழான்-ஈவ் ஒலித்ரோ.

அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 2000-ல் தங்க அணுக்கருக்களை மோதத் தொடங்கியபோது பலரும் எதிர்பார்த்தது வாயுவைத்தான். கிடைத்ததோ வலுவான நீள்வட்டப் பாய்வு. 2005 ஏப்ரலில் அந்த ஆய்வகம் இதை ‘கிட்டத்தட்ட முழுநிறைவான திரவம்’ என்று அறிவித்தது. உராய்வு இழப்பு மிகக் குறைவு என்று அர்த்தம்.

இங்கே பல செய்திகள் ஒரு விஷயத்தைக் குழப்பிவிடுகின்றன. இந்தத் திரவம் தண்ணீரைவிட ‘நீர்த்தது’ இல்லை. அதன் பாகுத்தன்மையை நேரடியாக அளந்தால், இறுகிக் கிடக்கும் கருங்கீலைவிடவும் பல நூறு மடங்கு அதிகம். ஆனால் அது அடைத்து வைத்திருக்கும் என்ட்ரோபி அதைவிடப் பிரம்மாண்டமானது. பாகுத்தன்மையை என்ட்ரோபி அடர்த்தியால் வகுத்து வரும் எண்தான் ஓட்டம் எவ்வளவு சுலபம் என்று சொல்லும். இயற்பியலின் அடிப்படை அலகுகளில் அது சுமார் 0.08-க்கு அருகே வருகிறது. தண்ணீருக்கு இது பல மடங்கு அதிகம். கருந்துளைகளின் கணிதத்தை வைத்து கோவ்டுன், சோன், ஸ்டாரினெட்ஸ் மூவரும் 2005-ல் வெளியிட்ட கட்டுரை கீழெல்லையாக முன்வைத்ததும் இதே 0.08-தான்.

தலைமதகில் என்ன திறந்தாங்க?

சரி, அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? உண்மையான சிக்கல் இங்கேதான்.

கல்லணையில் மதகைத் தூக்கும் பொறியாளர் தண்ணீரின் மூலக்கூறுகளை எண்ணுவதில்லை. வாய்க்காலின் சரிவு, அகலம், படுகையின் சொரசொரப்பு, திறந்துவிட்ட கன அடி. பெரும்பாலும் இவை போதும். திரவ இயக்கவியலின் பலமே இதுதான்: உள்ளே எதனால் ஆனது என்று தெரியாமலேயே ஓட்டத்தைச் சொல்லிவிடலாம். அணுக்கரு மோதலிலும் இதே வேலைதான். சமன்பாட்டில் ஐன்ஸ்டைனின் சார்பியல் சேர்ந்துகொள்கிறது, அவ்வளவே.

இப்போது கல்லணைக் கால்வாயை எடுத்துக்கொள்வோம். சுமார் 148 கி.மீ. ஓடிப் பேராவூரணிப் பக்கம் போய்ச் சேர வேண்டிய தண்ணீர் குறைவாக வந்தது என்று வையுங்கள். இரண்டு காரணம் இருக்கலாம். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டி வழியில் இழுவை கூடியிருக்கலாம். இல்லாவிட்டால் தலைப்பிலேயே குறைவாகத் திறந்திருக்கலாம். மதகு லஸ்கரின் பதிவேடு கையில் இல்லாமல், கடைமடைத் தண்ணீரை மட்டும் வைத்து எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

அணுக்கரு மோதலில் அந்தப் பதிவேடு இல்லை. மோதிய கணத்தில் ஆற்றல் எந்த வடிவத்தில் பரவியிருந்தது என்பது ஊகம்தான். 2008-ல் மேத்யூ லூசும், பால் ரோமாட்ச்கே இருவரும் இதைப் பட்டவர்த்தனமாகக் காட்டினார்கள். ஒரு தொடக்க வடிவத்தை எடுத்தால், தரவுக்குப் பொருந்தும் எண் 0.08. இன்னொன்றை எடுத்தால் 0.16. தரவு அதேதான், விடை இரட்டிப்பு. ‘முழுநிறைவான திரவம்’ என்ற தலைப்புச் செய்தி அளந்த அளவுக்கு அனுமானத்தையும் சார்ந்திருந்தது என்பதுதான் இதன் பொருள். அறிவிப்பு வந்தபோது இது போதுமான அளவு பேசப்படவில்லை.

அடுத்த அடி 2010-ல். அதுவரை மோதும் பகுதியைப் பரம்படித்த வயல் மாதிரி சமமானதாகவே பெரும்பாலும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். உண்மையில் ஒவ்வொரு மோதலிலும் புரோட்டான், நியூட்ரான்கள் வெவ்வேறு இடத்தில் மேடும் பள்ளமுமாக இருக்கும். அந்த மேடுபள்ளம் ‘முக்கோணப் பாய்வு’ ஒன்றை உண்டாக்கும் என்று புராக் ஆல்வெர், குந்தர் ரோலண்ட் இருவரும் காட்டினர். சராசரி எடுத்தால் பூஜ்ஜியம் என்று ஒதுக்கியிருந்த ஒன்று, தரவில் தெளிவாகத் தெரிந்தது. கடைமடையில் இன்னொரு அளவுகோல் கிடைத்ததால் தொடக்க வடிவங்கள் பலவற்றை ஒதுக்கித் தள்ள முடிந்தது. பிறகு லட்சக்கணக்கான மோதல்களைக் கணினியில் ஓட்டி, எல்லா அனுமானங்களையும் ஒரே நேரத்தில் தரவோடு ஒப்பிட்டு, எதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று எடைபோடும் முறை வந்தது.

நியான் ஏன்?

ஈயத்தில் 208 துகள்கள். உள் அமைப்பைத் துல்லியமாகக் கணக்கிடுவது கடினம். ஆக்ஸிஜனில் 16, நியானில் 20 மட்டுமே. இவற்றின் வடிவத்தை அணுக்கரு இயற்பியலாளர்கள் மோதலோடு சம்பந்தமில்லாமலேயே தனியாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட உருண்டை. நியான் சுரைக்காய் மாதிரி நீண்டது. முதன்முறையாக லஸ்கரின் பதிவேடு வேறொரு அலுவலகத்திலிருந்து வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. இரண்டின் பருமனும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே நியானின் பாய்வை ஆக்ஸிஜனின் பாய்வால் வகுத்தால், இரண்டுக்கும் பொதுவான பாகுத்தன்மையின் விளைவு பெரும்பாலும் அடிபட்டுப்போகும். ஒரே வாய்க்காலில் இரண்டு முறை தண்ணீர் விட்டு ஒப்பிடுகிற மாதிரி. மிஞ்சுவது வடிவத்தின் கணக்கு. நேருக்கு நேர் மோதும்போது நியானில் நீள்வட்டப் பாய்வு சில சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்று திரவ மாதிரிகள் மோதலுக்கு முன்பே சொல்லியிருந்தன. சில மாதங்களில் ஆலிஸ், அட்லஸ், சிஎம்எஸ் ஆகிய மூன்று சோதனைக் குழுக்களும் முடிவுகளை வெளியிட்டன. கூடுதல் தெரிந்தது. சிஎம்எஸ் குழுவில் ஐஐடி மெட்ராஸும் உறுப்பினர்.

தரவு வந்த பிறகு மாதிரியைத் திருகிப் பொருத்துவது வேறு. வருவதற்கு முன்பே சொல்லிவிட்டுக் காத்திருப்பது வேறு. இரண்டாவது இந்தத் துறையில் அதிகம் நடந்ததில்லை.

எங்கே இடிக்குது?

16 துகள்களின் மோதலைத் ‘திரவம்’ என்று சொல்லலாமா என்பதே இன்னும் தகராறுதான். ஒரு துகள் இன்னொன்றை இடிக்கும்முன் ஓடும் தூரம், மொத்தத் துளியின் அளவைவிட மிகச் சிறியதாக இருந்தால்தான் திரவச் சமன்பாடுகள் செல்லும் என்பது பாடப்புத்தக விதி. சின்னத் துளியில் அந்த இடைவெளி இல்லை. ஆனாலும் சமன்பாடு வேலை செய்கிறது. ஏன்? துளி சமநிலைக்கு வருவதற்கு முன்பே திரவப் பாதைக்கு இழுக்கப்பட்டுவிடுகிறது என்பது ஒரு விளக்கம். ஐஐடி மெட்ராஸில் இருந்தபோது அயன் முகோபாத்யாய் 2020-ல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட கட்டுரை இந்த இழுப்பைப் பற்றியதுதான்.

புரோட்டான்-புரோட்டான் மோதலிலேயே இந்தப் பாய்வின் சாயலை சிஎம்எஸ் 2010-ல் பார்த்துவிட்டது. ஆனால் உண்மையான பிளாஸ்மாவுக்கு இன்னொரு அடையாளமும் வேண்டும்: அதைக் கடக்கும் வேகமான துகள்கள் ஆற்றலை இழக்க வேண்டும். ஆக்ஸிஜனில் அந்த இழப்பு தெரிகிறது. புரோட்டானில் இதுவரை தெளிவாகத் தெரியவில்லை. புரோட்டானின் உள்வடிவத்துக்கு, நியானுக்கு இருப்பதுபோல் வெளியிலிருந்து வரும் நம்பகமான பதிவேடும் இன்னும் கைக்கு வரவில்லை.