உப்பு, எலுமிச்சை, ஊறுகாய்

முதல்லயே சொல்லிடறேன். குடிக்காதவங்க யாரும் இதைப் படிச்சுட்டு ஆரம்பிக்க வேணாம். தங்கமணிக்கு எல்லாம் தெரியும், அதனால போட்டுக் கொடுத்தும் பிரயோஜனம் இல்லை :-)

ஏப்ரல் முதல் வாரம். இயர் எண்டிங் முடிஞ்ச களைப்புல, இங்கே புனேயில ஒரு பார்ட்டி. ப்ரொபேஷன்ல இருக்கற நம்மூர்ப் பையன் ஒருத்தன். புறங்கையில உப்பு, இன்னொரு கையில எலுமிச்சைத் துண்டு, "ஒரே கல்ப்"னு டெக்கீலா. ஒண்ணு, ரெண்டு, அஞ்சு. கை தட்டினவங்கள்ல நானும் ஒருத்தன். ராத்திரி ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறப்போ, அவன் செல்லுல "அம்மா"ன்னு வந்துக்கிட்டே இருந்தது. எடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

எங்க பெரியப்பா குவார்ட்டரை ரெண்டே மடக்குல இறக்கிட்டு, மூஞ்சியைச் சுளிச்சு, ஊறுகாயைத் தொட்டு நக்குவார். அந்த உப்பும் எலுமிச்சையும் அதே ஊறுகாய்தான், இங்கிலீஷ் பேசுது. ரெண்டுமே ருசி தெரியாம இருக்கத்தான். ருசியே தெரியக் கூடாதுன்னா அதை எதுக்குக் குடிக்கணும்?

தீபாவளிக்கு டெக்ஸாஸ்லேர்ந்து வந்த மச்சினன் ஒரு பிளாங்கோ பாட்டில் கொண்டு வந்தான். பிளாங்கோன்னா மரப்பீப்பாயில ஊறப் போடாதது, போட்டாலும் 2 மாசத்துக்குள்ள எடுத்துடறது. பீப்பாய் வாசனை வந்து குறையை மூடாது. செஞ்சவன் கைப்பக்குவம் அப்படியே தெரிஞ்சுடும்.

லேபிள்ல '100% அகாவே'ன்னு இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா, சர்க்கரையில 51 சதவீதம் கற்றாழையிலேர்ந்து வந்திருந்தா சட்டப்படி போதும், மிச்சம் கரும்பு மாதிரி வேற எதுவா இருந்தாலும் அதுவும் டெக்கீலாதான். நம்ம காபிப் பொட்டலத்துலயும் குறைஞ்சது 51 காபி, மீதி சிக்கரிங்கறதுதானே கணக்கு! சிக்கரி காபியைக் குறை சொல்லலை, எங்க வீட்டுலயும் அதுதான். ஆனா பியூர் காபின்னா என்னன்னு ஒரு தடவையாவது தெரிஞ்சுக்கணும் இல்லையா?

கற்றாழைன்னதும் சோத்துக் கற்றாழையை நினைக்காதீங்க. நம்மூர் ரயில் பாதை ஓரத்து ஆனைக் கற்றாழைக்குச் சொந்தக்காரன். மெக்சிகோவுல, முக்கியமா ஹலிஸ்கோ மாநிலத்துல விளையுற நீலக் கற்றாழை. விளைய ஆறேழு வருஷம் ஆகும். மடலையெல்லாம் சீவித் தள்ளினா அன்னாசிப்பழம் மாதிரி ஒரு குமிழ், 30, 40 கிலோ சர்வசாதாரணம். பழைய முறைன்னா அதைச் செங்கல் அடுப்புல ரெண்டு மூணு நாள் ஆவியில வேகவெச்சு, சுத்தி வர்ற கல் சக்கரத்துல நசுக்கி (நம்ம செக்குதான்), மரத்தொட்டியில புளிக்கவிட்டு, செப்புப் பானையில ரெண்டு தடவை வடிப்பாங்க. டெக்கீலா ஊர்லயே ஃபோர்டலேசா மாதிரி சிலர் இன்னும் அப்படித்தான் செய்யறாங்க. பெரிய ஆலைகள்ல சிலது பச்சைக் கற்றாழையைத் துருவி, வெந்நீர் பீய்ச்சி சாற்றை உறிஞ்சிட்டு, சாற்றைத்தான் அப்புறம் சூடாக்கும். கிழங்கைச் சுடறதுக்கும் கிழங்குச் சாற்றைக் கொதிக்கவைக்கறதுக்கும் வித்தியாசம் இல்லையா சொல்லுங்க.

ஃப்ரீசர்ல வைக்காதீங்க, மணம் செத்துடும். வாய் குறுகின ஒயின் டம்ளர்ல ஒரு விரல்கடை உயரம் போதும். முதல்ல மூக்கு. முதல் வாய் நாக்கைப் பழக்கறதுக்கு, ரெண்டாவது வாய்தான் கணக்கு. எனக்குச் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாசனை வந்தது, அப்புறம் மிளகு, எலுமிச்சைத் தோல், கடைசியா மழை விழுந்த மண். "கிழங்கா? எனக்கு ஸ்பிரிட் வாசனைதான் வருது"ன்னு தங்கமணி முகர்ந்து பாத்துட்டு உள்ளே போயிட்டா. அந்த ஒரு விரல்கடை எனக்கு முக்கால் மணி நேரம் வந்தது.

போன ஞாயித்துக்கிழமை அந்தப் பையன் சாப்பிட வந்திருந்தான். ஷெல்ஃப்ல பாட்டிலைப் பாத்தான். இதெல்லாம் அவனுக்குச் சொல்லலாம்னு வாயெடுத்தேன். "சார், எனக்கு மோர் போதும்"னான். எனக்கும் ஒரு டம்ளர் கொண்டு வரச் சொன்னேன்.