மருத்துவர் பதில்: ஊசி தந்த உடற்கட்டு

கேள்வி: உடல் திரள்வதற்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்ட என் மகன், இப்போது ஓயாமல் சோர்ந்து கிடக்கிறானே, ஏன்?
— ஒரு தாய், திருவெள்ளறை.

பதில்: சகோதரி, ஊசியால் மிகும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை உடலே ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. அது அளவு மீறினால் உடலில் நீர் கோத்து, மார்பு பருத்து, சிலருக்குச் சோர்வும் தோன்றும். இதற்கு அஞ்சி, மார்பகப் புற்றுநோய்க்குரிய அனாஸ்ட்ரோசோல் மாத்திரையைச் சிலர் தாமாகவே விழுங்குகின்றனர். ஈஸ்ட்ரோஜன் பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. ஆணிடமும் அது மிகக் குறைந்துவிட்டால் மூட்டு வலிக்கும், எலும்பு நலியும், ஊக்கம் குன்றும். ஊசியை நிறுத்திய பின்னும், ஓய்ந்துபோன விரைகள் மீண்டும் சுரக்கப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை சோர்வு நீடிக்கலாம்.

ஆகவே, மகனைக் கடிந்துகொள்ளாமல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். போட்ட ஊசியையும் விழுங்கிய மாத்திரையையும் அவன் மறைக்காமல் கூறட்டும். எது மிகுந்தது, எது குறைந்தது என்பதை இரத்தப் பரிசோதனை காட்டும்.