யாருடைய சிக்கனம்?

போக்குவரத்தில் எரிபொருட் சிக்கனம் என்னும் தொடர் இன்று சர்வதேச மாநாட்டு மேடைகளில் மந்திரம்போல் ஓதப்படுகின்றது. சிக்கனத்தை வேண்டாமென்று சொல்ல எவர் முன்வருவர்? எவராலும் மறுக்கவியலாத சொல்லொன்று ஆளும் வர்க்கத்தின் வாயிலிருந்து வரும்பொழுது, அதனை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே அறிவுடைமை. ஒரு கலன் பெற்றோலில் ஒரு யந்திரம் எத்தனை மைல் ஓடும் என்பதை மட்டுமே இக்கொள்கைகள் கேட்கின்றன. அதில் எத்தனை மனிதர் பயணம் செய்தனர் என்று அவை கேட்பதில்லை. யந்திரத்தை அளக்கும் அந்தக் கோலையும் யந்திரத்தை விற்பவனே வளைத்துக்கொள்ள இடம் விட்டிருக்கின்றன. இவ்விரண்டு குற்றச்சாட்டுகளையும் வரலாற்றைக் கொண்டே நிறுவலாம்.

இத்தகைய சட்டங்களுக்கெல்லாம் மூத்தது ஐக்கிய அமெரிக்காவின் சட்டம். 1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. சில மாதங்களுள் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அதுவரை கடலளவு பெற்றோல் குடித்த கார்களைச் செய்து குவித்த நாடு அப்பொழுதுதான் விழித்துக்கொண்டது. 1975ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி 1985இல் கலனுக்கு 27.5 மைலாக வேண்டுமென விதித்தது, தவறினால் தண்டப்பணம். கம்பனிகள் முடியவே முடியாதென்று ஒப்பாரி வைத்தன. ஆயின் நடந்ததென்ன? பத்தாண்டுகளில் புதிய கார்களின் சராசரி ஏறத்தாழ இரு மடங்காயிற்று. "இவையெல்லாம் முதலாளித்துவத்தின் கண்துடைப்பு" என்று ஒரே மூச்சில் ஒதுக்கிவிடும் எமது நண்பர் சிலர் இதனைக் கவனித்தல் வேண்டும். கட்டாயப்படுத்தினால் மூலதனம் பணியும். கட்டாயம் தளர்ந்தால் அது ஒரு கணமும் பணியாது.

தளர்வு விரைவிலேயே வந்தது. இலக்கை எட்டாத ஜெனறல் மோட்டோர்ஸும் போர்ட்டும் அரசிடம் முறையிட்டன. றேகன் ஆட்சி 1986இல் இலக்கை 26 மைலாகக் குறைத்தது. சட்டத்துக்கமையப் பணம் செலவிட்டு இலக்கை எட்டியிருந்த கிறைஸ்லர் நிறுவனம் இதனை எதிர்த்தது என்பது சுவையான செய்தி. அதில் அறம் தேடவேண்டாம். போட்டியாளன் செலவின்றித் தப்புகின்றானே என்ற வயிற்றெரிச்சல்தான். 1990இல் இலக்கு பழையபடி 27.5 ஆயிற்று. பின்னர் இருபது ஆண்டுகள் அது அசையவேயில்லை. இடையில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து சில ஆண்டுகள், புதிய இலக்கு எதையும் ஆராய்வதற்குக்கூட ஒரு சதமும் செலவிடலாகாதென்று காங்கிரஸ் சபை ஆண்டுதோறும் செலவு மசோதாவில் ஒரு வரியைச் செருகி வந்தது.

இதனினும் பெரிய ஓட்டை சட்டத்தின் அடியிலேயே இருந்தது. விவசாயியும் தச்சனும் தொழிலுக்கு ஓட்டும் சிறு லொறிகளுக்குச் சலுகை வேண்டுமென்று அவற்றுக்குக் குறைந்த இலக்கொன்று தனியே வகுக்கப்பட்டிருந்தது. சட்டம் தடுக்கின்கீழ் நுழைந்தால் முதலாளி கோலத்தின்கீழ் நுழைவானன்றோ? குடும்பம் ஏறிச் செல்லும் வாகனங்களையெல்லாம் லொறி இனத்திற் சேர்த்தனர். கிறைஸ்லரின் பி.டி. குறூஸர் பார்ப்பதற்குப் பழங்காலக் கார் போன்றது. பின்னிருக்கைகளைக் கழற்றித் தட்டையான தளமாக்கலாம் என்பதனால் சட்டத்தின் கண்ணுக்கு அது லொறியாயிற்று. சுபாறு நிறுவனமோ 2004ஆம் ஆண்டளவில் தனது அவுட்பாக் காரின் அடிப்பாகத்தைச் சற்று உயர்த்தி அதனையும் லொறியாக்கிற்று. அந்தக் காரில் எவரும் நெல்மூட்டை ஏற்றியதாக நாம் அறியோம்! 1975இல் புதிய வாகனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காயிருந்த இந்த 'லொறி' இனம் இன்று ஐந்தில் மூன்று பங்கையும் கடந்துவிட்டது. 1988இல் இன்னொரு சலுகையும் கொடுத்தனர். எதனோலிலும் ஓடக்கூடிய வாகனம் என்றால் போதும். அது வாழ்நாள் முழுதும் பெற்றோலையே குடித்தாலும் ஏட்டில் அதற்குச் சிக்கனப் புள்ளிகள் கிடைத்தன.

ஓட்டைகளினூடாக ஒழுகிப் போனது எவ்வளவு? பொருளியலாளர் கிறிஸ்ரோபர் நிற்றெல் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகின்றது. கார்களின் எடையும் வலுவும் 1980இல் இருந்தபடியே இருந்திருந்தால் 2006ஆம் ஆண்டளவில் அவற்றின் சிக்கனம் ஏறத்தாழ 60 சதவீதம் உயர்ந்திருக்கும். உண்மையில் உயர்ந்ததோ 15 சதவீதத்துக்குச் சற்று மேல். பொறியியலாளனின் அறிவும் தொழிலாளியின் உழைப்பும் ஈட்டிய பேறு, வண்டியைப் பெரிதாக்கவும் பாய்ச்சலைக் கூட்டவுமே செலவாயிற்று. பெரிய வண்டியில் இலாபமும் பெரிது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

2007இல் சட்டத்தைப் புதுப்பித்தனர். இம்முறை வாகனத்தின் சக்கரங்களுக்கிடையேயுள்ள பரப்புக்கேற்ப இலக்கு வகுக்கப்பட்டது; பரப்புக் கூடினால் இலக்குத் தணியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டுச் சட்டம் எடையைக் கணக்கிற் கொண்டது. எடை கூடிய காருக்குக் கூடுதல் புகைக்கு அனுமதி. யப்பான் 1998இல் வகுத்த முறை கருத்தளவில் மெச்சத்தக்கது. சந்தையில் ஆகச் சிறந்த வண்டியின் அளவே மற்றெல்லா வண்டிகளுக்கும் இலக்காயிற்று. ஆயின் அங்கும் எடைப்பிரிவுக்குள்ளேதான் ஒப்பீடு. பெருத்தவனைப் பெருத்தவனோடு ஒப்பிட்டால் எவன்தான் மெலிவான்?

இறுதியாக, 2025 ஜூலையில் அமெரிக்க அரசு தனது சட்டத்தின் கீழ் விதிக்கப்படும் தண்டப்பணத்தைப் பூச்சியமாக்கிற்று. சட்டம் ஏட்டில் இருக்கின்றது. மீறினால் செலுத்த வேண்டியது பூச்சியம் டொலர். அவ்வாண்டு ஒக்டோபரில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு கப்பல்களின் புகைக்கு விலை வைக்கும் திட்டத்தை எடுத்தபொழுது, அதே அரசு பிற நாடுகளுக்குச் சுங்கவரி மிரட்டலும் விசா மிரட்டலும் விடுத்தது. முடிவு ஓராண்டுக்குப் பின்தள்ளப்பட்டது.

தொழில்நுட்பம் வளர்ந்தால் எல்லாம் தானே சரியாகும் என்போருக்கு ஒரு சிறு கணக்கை முன்வைக்கின்றோம். நூறு கிலோமீற்றருக்கு எட்டு லீற்றர் குடிக்கும் காரில் ஒருவர் செல்கின்றார். அதே தூரத்துக்கு முப்பது லீற்றர் குடிக்கும் பஸ்ஸில் ஐம்பது பேர் செல்கின்றனர்; தலைக்கு 0.6 லீற்றர். காரின் சிக்கனத்தை இரு மடங்காக்கி நான்கு லீற்றராக்கினாலும் பஸ் பயணியைப்போல் ஆறு மடங்குக்கு மேல் அதில் செல்பவர் எரிக்கின்றார். பாடசாலை மாணவனும் போடக்கூடிய இக்கணக்கு வாகனச் சட்டங்கள் எதிலும் இடம்பெறவில்லை.

செல்வந்த நாடுகளில் தரங்கள் உயர, கழிக்கப்பட்ட வண்டிகள் வறிய நாடுகளின் தெருக்களை வந்தடைகின்றன. 2015 முதல் 2018 வரை 1 கோடி 40 இலட்சம் பழைய வாகனங்கள் ஏற்றுமதியாயின என்றும், அவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வருமானம் குறைந்த, இடைத்தர நாடுகளுக்கே சென்றன என்றும் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2020ஆம் ஆண்டறிக்கை கூறுகின்றது. ஆகப் பெரிய பங்கு ஆபிரிக்காவுக்கு. ஏற்றுமதி செய்த நாட்டின் சிக்கனக் கணக்கில் அவ்வண்டிகள் மறைந்துவிட்டன. நைரோபியின் காற்றிலோ மறையவில்லை.

யப்பானிய வண்டிகளை வாங்கியோடும் எமது இலங்கை வயதெல்லை விதித்து மிகப் பழையவற்றைத் தடுத்துள்ளது. ஆயினும் யந்திரத்தை அளந்து மனிதனை மறக்கும் நோய் எம்மையும் பற்றியிருக்கின்றது. 2022இல் எரிபொருள் வரிசைகளில் மக்கள் இரவு பகலாய் நின்றதை நாம் மறக்கவில்லை. அவ்வாண்டு நடுப்பகுதியில் வந்த கியூஆர் பங்கீட்டில் தொடக்கத்தில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர், மோட்டார்ச் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர். காரோ பெரும்பாலும் ஒருவரை அலுவலகத்துக்கு ஏற்றிச் செல்வது. முச்சக்கர வண்டியோ ஒரு குடும்பத்தின் உலையை எரிப்பது. நோயாளியையும் கர்ப்பிணியையும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது. இப்பங்கீட்டை வகுத்தவர்கள் தீயவர்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் வண்டியின் கொள்கலனைப் பார்த்து லீற்றர் அளந்தார்கள், அவ்வளவே.

இந்நாட்டிலேயே வேறொரு அளவுகோல் இருந்ததுண்டு. 1958 ஜனவரி 1ஆந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. இலாபமில்லாத் தடத்திலும் பஸ் ஓடவேண்டும், தோட்டத்திலும் குக்கிராமத்திலும் உள்ளவன் நகருக்கு வந்து திரும்பவேண்டும் என்பதே அதன் நியாயம். அச்சபையைப் பின்வந்த அரசுகள் துண்டாடின. 1979 முதல் தனியாருக்குத் தடங்கள் திறந்துவிடப்பட்டன. எரிபொருட் சிக்கனம் பற்றி எம்மிடம் பேச வரும் சர்வதேச வல்லுநர்களிடம் ஆசிரியர்களும் மாணவர்களும் முதலிற் கேட்க வேண்டியது இதுதான்: உங்கள் திட்டத்தில் மாலை ஆறு மணிக்குப் பின் எங்கள் ஊருக்கு எத்தனை பஸ்?